சம்பந்தியம்மாவுக்கு, என் வலது கை விஷயமாக

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒருத்திக்கு மட்டும் நலமில்லை, அது நான்தான், அது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பார்த்து ஏதோ குழந்தை கிறுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்தப் படிப்பும் வலது கையில்தான் இருந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. இப்போது இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து போனில் நான் பேசுவது யாருக்கும் விளங்குவதில்லை. என்ன, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கத்திச் சொல்லச் சொல்ல, சொல்ல வந்த விஷயமே அசிங்கமாகிப் போகிறது. அதுவும் இது வாயால் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. உங்கள் மகளுக்கு நான் எழுதுவது தெரியாது. அவள் கடைகண்ணிக்குப் போகும் நேரம் பார்த்து எழுதுகிறேன். தபாலில் போட எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுப்பேன்.

அன்றைக்கு நீங்கள் அவளிடம் போனில் பேசியதை நான் கேட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும். ஒட்டுக் கேட்டேன் என்று எண்ண வேண்டாம். அவள் ஒரு சின்ன டப்பில் வெந்நீர் வைத்து என் வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு. அந்த நேரம் நீங்கள் கூப்பிட்டீர்கள். அவள் முழங்கையால் போனை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, அதை அலமாரி மேலேயே விட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தபடி பேசினாள். என்னடி தண்ணீர் சத்தம் என்று கேட்டீர்கள். அத்தை கையைக் கழுவுகிறேன் என்றாள். வேலைக்குப் போகவில்லையா என்றீர்கள். லீவு போட்டிருக்கிறேன், அத்தையைத் தினமும் கைக்குக் கரண்ட் வைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்றாள்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவில் இருக்கிறது.

"நான் வாழ்நாள் பூரா ஆஸ்பத்திரில ஊர் பீயெல்லாம் அள்ளினது எதுக்குடி? நீ அள்ளக் கூடாதுன்னுதானே? படிக்க வெச்சு கம்பெனிக்கு அனுப்பினா, அதை விட்டுட்டு அங்க ஆயா வேலை பாக்குறியா?"

எழுந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது. முடியவில்லை. என் கைக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. மனசு பதறினால் அது இறுகிக்கொள்ளும். கழுவிக்கொண்டிருந்த அவள் விரல் இரண்டையும் அப்படியே கவ்விக்கொண்டது. பேசுவது உங்கள் குரல், பிடித்து வைத்திருப்பது என் கை, நடுவில் அவள். போனை நிறுத்தக்கூட அவளால் எழ முடியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஊருக்கெல்லாம் கழுவினேம்மா. நான் எங்க வீட்ல கழுவுறேன். உனக்கேன் வலிக்குது?"

நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. தினமும் கூப்பிடுகிறாள். மணி அடித்து அடித்துத் தானாக ஓயும் வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, அம்மா டியூட்டியில் இருப்பாங்க என்கிறாள். நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது எனக்குத் தெரியாதா.

சம்பந்தியம்மா, நீங்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் மகளாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், உங்களைப் போல் அவ்வளவு நறுக்கென்று சொல்ல வந்திருக்காது, அவ்வளவுதான். நான் இதை எழுதுவது உங்கள் மேல் குறை சொல்வதற்கு இல்லை. ஒரு தாயும் மகளும் என் கையால் பேச்சு வார்த்தை இல்லாமல் போனார்கள் என்றால் அந்தக் கையை வெட்டி எறியலாம். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் பஞ்சர் கடைக்காரர் என்பது தெரியும். எனக்குப் பக்கவாதம் வந்த கொஞ்ச நாளில் கால் ஒருவாறு நடக்கப் பழகிவிட்டது, கை மட்டும் மார்போடு மடங்கி, விரல் உள்ளே சுருண்டு, கட்டைவிரலை மூடி ஒரு முட்டியாகிவிட்டது. யாரையோ குத்தப் போகிறவள் மாதிரி இருப்பேன். அதைத் திறக்கப் பெரியாஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்கும் வரவில்லை. இவர்தான் ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இது டயர் மாதிரி என்றார். டயரைக் கழற்றும்போது நமக்கு வேண்டிய பக்கத்தைப் பிடித்து இழுத்தால் வராதாம். எதிர்ப்பக்கத்தை ரிம்முக்குள் இருக்கும் பள்ளத்தில் அமுக்க வேண்டுமாம். அமுக்கினால் இந்தப் பக்கம் தளர்ந்து தானாக எழும்புமாம். அதே மாதிரி என் மணிக்கட்டை இன்னும் உள்பக்கமாக மடக்கினார். விரல் தளர்ந்தது. கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிவேரில் பிடித்து மெல்ல வெளியே எடுத்தார். கை திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு தினமும் கடை திறப்பதற்கு முன்னால் இதுதான் முதல் வேலை. சாமி கும்பிட மறந்தாலும் இதை மறக்க மாட்டார். வா, உன் டயரைக் கழட்டுவோம் என்பார். திறந்து, துடைத்து, நகம் வெட்டி, வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். கல்யாணம் ஆன நாளில்கூட அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. இதை உங்களுக்கு எழுத எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவர் ஒரு மத்தியானம் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழவில்லை. அன்று காலையில் திறந்து துடைத்ததுதான் என் கைக்குக் கடைசி. துக்கத்துக்கு நீங்கள் வந்து இரண்டு நாள் எங்களோடு இருந்தீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட வந்தீர்கள், நான் வெடுக்கென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், இவ்வளவு துக்கத்திலும் கையைக் கழுவச் சொல்வார் என்று பயந்தேன். உங்களை ஒதுக்கியது இல்லை அது.

என் மகன் ஒரு தடவை திறக்கப் பார்த்தான். லாரி ஓட்டுகிற கை, பாவம், விரல் நுனியைப் பிடித்து நேராக இழுத்தான். உயிர் போகிற மாதிரி கத்திவிட்டேன். அவன் வெளியே போய் நின்றுகொண்டான். அப்பா செய்த விதத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவரைப் பற்றிப் பேச வாய் எடுத்தாலே எனக்கு அழுகை வருகிற நேரம் அது. நானே பார்த்துக்கொள்கிறேன், பழகிவிட்டது என்று சொன்னேன். அவனும் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். உங்கள் மகளும் நம்பிவிட்டாள். ஒற்றைக் கையால் அது நடக்காத காரியம். மணிக்கட்டை மடக்க ஒரு கை, கட்டைவிரலை எடுக்க ஒரு கை வேண்டும். என்னிடம் இருப்பது மொத்தமே ஒன்று.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் படித்துவிட்டு மறந்துவிட வேண்டும்.

கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. உங்கள் மகள் எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது அத்தை என்றாள். வேலையிலிருந்து வந்த களைப்போடு அரிசிப் பானையை நகர்த்தினாள், அடுப்பை நகர்த்தினாள், பீரோவுக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். மறுநாளும் அதே. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, இது எலி இல்லை, பெருச்சாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, ஆமாம், எனக்கும் வருகிறது என்று சொன்னேன். அந்தப் பெண் குனிந்து நிமிர்ந்து வேர்த்து ஊற்றத் தேடுகிறாள், நான் அவளுக்குத் தேட இடம் காட்டவும் செய்தேன். பரண் மேலே பார் என்றேன்.

அவள் பரணிலிருந்து இறங்கி எனக்கு மாத்திரை கொடுக்க வந்தாள். தண்ணீர் டம்ளரோடு கிட்டே குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை விலக்கினாள். நகம் உள்ளங்கையில் இறங்கிப் புண்ணாகியிருந்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவும் இல்லை. வெந்நீர் போடப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்த வைத்தியம். ஒரு நீள ஹால், வரிசையாகக் கட்டில், நடுவில் பச்சைத் திரை. திரை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான், பேச்செல்லாம் கேட்கும். கரண்ட் வைப்பவர் ஒருத்தர், கண்ணாடி போட்டவர், என் மகன் வயசு இருக்கும். ஊசி குத்துவது ஒரு அம்மா. நாங்கள் அவர்களை ஷாக்கு, ஊசியம்மா என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறார்கள். எனக்கு அவர் சொன்னது இவ்வளவு விளங்கியது. மூளையில் அடைப்பு வந்த இடத்திலிருந்து போதும், விடு என்கிற உத்தரவு கைக்கு வருவதில்லையாம். அதனால் மூடுகிற தசை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். அதோடு மல்லுக்கட்டாமல், கையின் வெளிப்பக்கம் இருக்கிற திறக்கும் தசையை எழுப்ப வேண்டுமாம். முன்கையின் வெளிப்பக்கம் ஈரத் தகடு ஒட்டிக் கரண்ட் விடுகிறார். ஊசியம்மா முடி மாதிரி ஊசியைக் கட்டைவிரல் சந்திலும் முழங்கைக்குக் கீழேயும் குத்தி, அதிலும் சின்ன கிளிப் மாட்டுகிறார். ஊசி வலியில்லை. கரண்ட் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து, பிறகு உள்ளே யாரோ நூலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

பயந்தால் இறுகும், குளிர்ந்தால் இறுகும், கோபப்பட்டால் இறுகும், மனசை லேசா வெச்சுக்கணும் என்று ஊசியம்மா சொல்வார். வெட்கத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் விட அதற்குத்தான் நன்றாக இறுகும்.

முதல் நாள் நடந்ததை உங்கள் மகள் சொல்லி நீங்கள் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பீர்கள். தகடு ஒட்டுவதற்கு முன்னால் கையைத் திறக்க வேண்டும் இல்லையா. ஷாக்கு என் மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கமாக மடக்கினார். எங்கள் வீட்டுக்காரர் மடக்குகிற மாதிரியே. அதே இடம், அதே மெதுவு. கட்டைவிரலை அடியில் பிடித்தார். அழுதேன், சாதாரண அழுகை இல்லை, அந்த ஹால் முழுக்கக் கேட்டது. கை திரும்ப மூடிக்கொண்டு அந்த மனுஷன் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பக்கத்துக் கட்டில் அம்மா திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, விடும்மா, அவருக்கு இன்னும் நாலு பேர் காத்துட்டிருக்கோம் என்றாள். ஹாலே சிரித்தது. ஷாக்கு, இது தசை இழுப்பு, அம்மா வேணும்னு பிடிக்கல என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் முழுக்கத் தசை இல்லை சம்பந்தியம்மா. கொஞ்சம் நானும்தான். உங்கள் மகள் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, மாமா இப்படித்தான் திறப்பாரா அத்தை என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். மறுநாளிலிருந்து அவளே அந்த விதத்தில் திறக்கக் கற்றுக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் மகளை நாங்கள் இதற்காகக் கூட்டிவரவில்லை. நாளையிலிருந்து நான் வைத்தியத்துக்குப் போவதாக இல்லை. கரண்ட் வைத்த இடம் எரிகிறது, தோல் தாங்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுவேன். பொய்தான். அவள் கம்பெனிக்குத் திரும்பிப் போகட்டும். கையை நானே பார்த்துக்கொள்ள ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். நீங்கள் அவளிடம் பேசினால் போதும். நீங்கள் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

------

சம்பந்தியம்மாவுக்கு மறுபடியும்,

மேலே எழுதியது தபாலில் போகவில்லை. தையல்காரம்மா ஊரில் இல்லை. அதனால் அதிலேயே தொடர்கிறேன். மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நான் எவ்வளவு புத்திசாலி என்று நீங்களும் பார்க்க வேண்டும்.

சொன்ன மாதிரியே பொய் சொன்னேன். அவள் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லையே அத்தை என்றாள். உனக்கென்ன தெரியும், எரிவது எனக்கு என்று எரிந்து விழுந்தேன். மாமியார்த்தனம் காட்டினால்தான் அவள் விடுவாள் என்று தெரியும். அவள் தினமும் காலையில் கையைத் திறந்து துடைத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அதையும் வேண்டாம் என்றேன். எனக்கு இப்போது நன்றாகத் திறக்க வருகிறது, வேண்டுமானால் சாயங்காலம் வந்து பார் என்றேன். கம்பெனியில் அவளுக்கு ஏற்கெனவே சூப்பர்வைசர் தொல்லை. அரை மனசாகப் போனாள்.

நான் யோசித்து வைத்திருந்த வழி, அவருடைய சாமான் பெட்டி. கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் டயரை நெம்புகிற இரும்புப் பட்டை ஒன்று, நுனி வளைந்து கரண்டி மாதிரி இருக்கும். அதைத் துண்டில் சுற்றினேன். மேஜை ஓரத்தில் மணிக்கட்டை வைத்து, உடம்பை அதன் மேல் சாய்த்தால் மணிக்கட்டு உள்ளே மடங்குகிறது. விரல் தளர்கிறது. அந்த நேரம் இடது கையால் பட்டையை விரலுக்கு அடியில் விட்டு நெம்பினால் திறக்கிறது. சத்தியமாகத் திறந்தது. முதல் நாள் சாயங்காலம் அவள் வந்ததும் உள்ளங்கையைக் காட்டினேன். ஐயோ அத்தை, நீங்க பெரிய ஆள்தான் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பிறகு ஒரு நாள் துண்டு நழுவியது. பட்டை மோதிர விரல் கணுவில் இறங்கிவிட்டது. அந்தக் கையில் பாதி உணர்ச்சி கிடையாது, அதனால் பெரிதாக வலிக்கவில்லை. விரல் வீங்கி, நீலம் பாய்ந்து, பக்கத்துத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, புத்தி எங்கே போகிறது என்று. ஆனால் பட்டையை எடுத்து வைக்க மறந்துவிட்டேன், அது கட்டில் மேலேயே கிடந்தது.

உங்கள் மகள் செருப்பைக் கழற்றியவள் பட்டையைப் பார்த்தாள், துண்டில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் இருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளில் என்னிடம் குரலை உயர்த்தாதவள் அன்றைக்குக் கேட்டாள்.

"நீங்க என்ன டயரா அத்தை? நெம்பி எடுக்க? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன் இந்த வீட்ல?"

நான் ஏதோ சொல்ல வந்தேன், வாய் குழறியது. டயர் என்ற சொல் மட்டும்தான் வந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன், நான் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும், அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் அழுகை. அப்படியே ஆட்டோ பிடித்து எலும்பு டாக்டரிடம் போனோம். எலும்பு முறியவில்லை, தசைநார்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். உங்கள் மகள், கதவில் நசுங்கிடுச்சு என்றாள். என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. என் பொய்யும் போதாமல் அவளையும் சொல்ல வைத்துவிட்டேன்.

ஷாக்கிடம் மட்டும் அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் கையில் இருந்த தகட்டைக் கீழே வைத்தார். பிறகு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் விட்டால் தசையும் நாரும் சுருங்கி அப்படியே உறைந்துவிடும், அதற்குப் பிறகு கரண்டும் கேட்காது, ஊசியும் கேட்காது, கத்தி வைத்துத்தான் விரிக்க வேண்டும் என்றார். நீங்க வராம இருந்தா உங்க மருமகளுக்கு வேலை மிச்சம்னு நெனச்சீங்களாம்மா, அப்ப வேலை அதிகமாகும் என்றும் சொன்னார். என்னால் அவர் கண்ணாடியைத்தான் பார்க்க முடிந்தது, கண்ணைப் பார்க்க முடியவில்லை.

------

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இதோடு முடித்துவிடுவேன்.

வீக்கம் வற்றிய பிறகு மறுபடி வைத்தியத்துக்குப் போகிறோம். உங்கள் மகள் கம்பெனியில் பேசி மத்தியான ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டாள். காலையில் என்னை அங்கே கூட்டிப்போகிறாள். திரும்பி வந்து சமைக்கிறாள். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். இரவு அவள் திரும்பும்போது நான் தூங்கிவிட்டது போல் படுத்திருப்பேன், இல்லாவிட்டால் அப்போதும் உட்கார்ந்து என் கையைப் பார்ப்பாள். மெலிந்துவிட்டாள். உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கைக்குக் கொஞ்சம் நன்மை தெரிகிறது. கரண்டும் ஊசியும் எடுத்த பிறகும் கை சிறிது நேரம் மெத்தென்று இருக்கிறது. முன்பு செருப்பு மாட்டுவதற்குள் மூடிக்கொள்ளும். இப்போது வீடு வந்து சேரும் வரைக்கும் நிற்கிறது. நாள் ஆக ஆக இன்னும் நீளும் என்கிறார்கள். திறந்துவிட்டால் பழைய கை வந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். நனைந்த துணி மாதிரி. ஒரு டம்ளரைக்கூட எடுக்காது. அது எடுக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. புண் ஆறிவிட்டது. இத்தனை நாள் மூடியே இருந்ததால் உள்ளங்கை வெளுத்து, பிறந்த குழந்தையுடையது போல் இருக்கிறது. ரேகையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் அதைப் பார்க்கப் பிடிக்காமல் திருப்பிக்கொள்வேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வைத்தியம் முடிந்து வந்தோம். அவள் என் கையைக் கழுவித் துடைத்து, கட்டில் ஓரத்தில் மல்லாத்தி வைத்தாள். எனக்குக் களைப்பு, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து உங்களுக்குப் போன் போட்டாள். மணி போகிற சத்தம் எனக்கும் கேட்டது. அது ஓய்ந்தது. போனைத் தரையில் வைக்கிற சத்தமும் கேட்டது. வேலைக்கு நேரமாகிறதே, எழுந்து போகவில்லையே என்று நினைத்தேன். அப்போது என் உள்ளங்கையில் ஏதோ சூடாகப் பட்டது. பாதி உணர்ச்சிதானே, என்னவென்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் தன் முகத்தை என் கையில் வைத்திருந்தாள். ஈரமாக இருந்தது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

அம்மா என்றாள்.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். மறந்துகூட வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிட்டது என்னை இல்லை.

அந்த நேரம் பார்த்து என் கை மூட ஆரம்பித்தது. சுண்டு விரல், அடுத்து பட்டை பட்ட விரல், ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. நான் செய்யவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் சொன்னேன், சொல்லச் சொல்ல அதிகமாக இறுகியது. நகம் அவள் கன்னத்தில் படுவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வலித்திருக்கும். அவள் எழவில்லை, முகத்தை எடுக்கவும் இல்லை. ஒரு தடவை தலையைத் தடவிக்கொடுத்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு அது போதும். என் இடது கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. கட்டிலில் மல்லாந்தால் என்னால் சட்டென்று புரள முடியாது. என் கைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் தெரிகிறது சம்பந்தியம்மா, தடவத் தெரியவில்லை.

பிறகு அவளே மணிக்கட்டை மடக்கித் தன் முகத்தை விடுவித்துக்கொண்டு, முகம் கழுவி வேலைக்குப் போனாள். கன்னத்தில் நகம் பட்ட கோடு இருந்தது. கம்பெனியில் யாராவது கேட்டிருப்பார்கள். என்ன பொய் சொன்னாளோ.

அவளை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று எழுத நினைத்தேன். மூன்று தடவை பேனாவை வைத்தேன். என்னால் அதை எழுத முடியவில்லை. எழுதினால் அதுவும் பொய்யாக இருக்கும். அவள் போகக் கூடாது என்று எழுதவும் எனக்கு வாய் இல்லை. நீங்கள் ஒரு தடவை வாருங்கள். இந்த வீட்டில் நீங்கள் எதையும் கழுவ வேண்டாம், எதையும் தூக்க வேண்டாம். எனக்காக வர வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் வெளிச்சமான இடம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டால் போதும். உங்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது.

வர முடியாவிட்டால், நாங்கள் வைத்தியம் முடிந்து வந்ததும் அவள் கூப்பிடுவாள். எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளுடைய மாமியார்.